வெர்லின் சுட்டிய திசை

காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறவனுக்குத் துப்பாக்கி இரண்டாம்பட்சம், காதுதான் முதல். விடியும் நேரத்தில் சேவல் மரக்கிளையில் உட்கார்ந்தபடியே கொக்கரிக்கும். எந்தத் திசை என்று பிடித்துவிட்டால் பாதி வேட்டை முடிந்த மாதிரி. எனக்கு இடது காது போய் நான்கு வருடம் ஆகிறது. வலது காது இரண்டு வருடமாகப் பேருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. கூட வேட்டைக்கு வரும் வெர்லினிடம் சொல்லவே கூடாது என்று இருந்தேன்.

காது கேட்காதவனைத் துப்பாக்கியோடு யாரும் காட்டுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள், அதுதான் காரணம். என் மனைவி லவோன் இறந்தபின் என் வீட்டுப் படியேறி வருகிறவர்கள் இல்லை. மகன் எங்கேயோ மேற்குக் கோடியில், ஆரெகனில் இருக்கிறான். அவன் பேசுவது விளங்காததால் போனை எடுப்பதை விட்டுவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைக்கட்டும். எனக்கென்று மிச்சமிருந்தது ஏப்ரலில் வேட்டை திறந்திருக்கும் மூன்று வாரம்தான். அதற்காகத்தான் மிசௌரியின் பனிக்காலம் முழுவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

வெர்லின் சாப் என்னோடு முப்பத்தோரு வசந்தம் வேட்டையாடியவன். மர அறுவை ஆலையில் வேலை பார்த்த தொண்டை, அடுத்த மாவட்டத்துக்கே கேட்கும். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு விளங்கிவிடும். காட்டுக்குள்ளே நாங்கள் பேசுவதும் இல்லை. அவன் வாயைக் குவித்து ஆந்தை போல அலறுவான். அதைக் கேட்டு எரிச்சலில் எங்காவது ஒரு சேவல் பதில் கொடுக்கும். இருபதடி தள்ளித் தள்ளி நிற்கும் நாங்கள் இருவரும் சத்தம் வந்த பக்கம் ஒரே நேரத்தில் விரலை நீட்டுவோம். இரண்டு விரலும் எங்கே போய்ச் சேருகிறதோ அங்கேதான் பறவை. எங்கள் வழக்கம் அது.

இரண்டு வருடமாக நான் அவன் விரலைப் பார்த்துவிட்டு அரை நொடி தாமதித்து என் விரலை நீட்டினேன். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற கதைதான்.

இந்த வருடம் வேட்டை திறந்த முதல் நாள், டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்த சரிவில் நின்றோம். வெர்லின் அலறினான். என்னைப் பொறுத்தவரை செவிடன் காதில் ஊதிய சங்கு. காத்திருந்தேன். அவன் கை ஓடைப் பக்கம் நீண்டது. நானும் நீட்டினேன்.

அவன் கையை இறக்கவில்லை. அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நடந்து வந்து என் முகத்துக்கு நேராக நின்றான்.

"எதைக் கேட்டுடா கைய நீட்டுன?"

"சேவல்தான். ஓடைக்கு அந்தாண்ட."

"எந்தச் சேவலும் கத்தலடா ஹோபர்ட். நான் சும்மாதான் நீட்டுனேன்."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அறுபத்தெட்டு வயதில் காது மடல் சூடாகிறது, பாருங்கள். அதற்கு மட்டும் என் காது இன்னும் உதவுகிறது.

"எத்தனை நாளா?" என்றான்.

"ரெண்டு வருஷமா."

"போன வருஷம் உன் பின்னாடி வந்து மூணு தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நீ காது குடுக்கல. அப்புறம் துப்பாக்கியோட சடார்னு திரும்புன. எனக்கு வீட்ல பொண்டாட்டி இருக்காய்யா."

"உன்ன சுட்டிருவேன்னு நெனச்சியா?"

"ஆமா," என்றான். அவன் பொய் சொல்லிப் பழகாதவன். கையை நீட்டினான். "தோட்டாவக் குடு."

மூன்று தோட்டாக்களையும் எடுத்துக் கொடுத்தேன்.

"இனிமே எங்கூட வராதேன்னு சொல்றியா?"

"துப்பாக்கி இல்லாம வா."

"துப்பாக்கி இல்லாம வர்றதுக்கு நான் என்ன உனக்குச் சமையக்காரனா?"

அவன் சிரிக்கவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்கிறேன், நீ இந்த ஓக் மரத்தடியை விட்டு அசையாதே என்று சொல்லிவிட்டுப் போனான். நான் வெறும் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் பேரில் கோபம் கோபமாக வந்தது. அவன் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். கண் முன்னால் ஏதோ அசைந்தது. சேவல். மார்பில் ஒரு சாணுக்கு மேல் தாடி மாதிரி தொங்கும் முடிக்கற்றை, வாலை விசிறியாக விரித்து, கல்யாண மாப்பிள்ளை நடை. இருபதடிக்குள் வந்துவிட்டது. முப்பத்தோரு வருடத்தில் இவ்வளவு பெரிய சேவல் எனக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

அது கழுத்தை முன்னால் நீட்டி வாயைத் திறந்தது. தொண்டைச் சதை மொத்தமும் குலுங்கியது. பிறகு மூடியது. நடந்தது. மறுபடி நீட்டி, திறந்து, குலுங்கி, மூடியது. கொக்கரிக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்காக எத்தனை விடியல்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது. அழுதேன். சொல்வதற்கென்ன, லவோனை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை.

மதியம் ஒரு மணிக்கு மேல் அங்கே சுடக்கூடாது என்பது சட்டம். வண்டிக்குத் திரும்பி, அவன் மனைவி கட்டிக் கொடுத்த சாஸேஜ் வைத்த பிஸ்கெட் ரொட்டியை ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம்.

"உன் பக்கமேதான்யா கத்துச்சு," என்றான் வெர்லின். "பத்து தடவைக்கு மேல. நான் எந்திரிச்சா ஓடிரும்னு அங்கயே கெடந்தேன். பாத்தியா?"

"பார்த்தேன். சத்தம் எப்படி இருந்துச்சு?"

"என்னடா கேள்வி. சேவல் கத்துற மாதிரி இருந்துச்சு."

"சொல்லேன்யா."

மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். எங்கள் பக்கத்தில் சேவலை வரவழைக்க யார் வேண்டுமானாலும் பெட்டைக்குரல் எழுப்புவார்கள். சேவல் குரலை மட்டும் காட்டில் யாரும் எழுப்புவதில்லை. எவனாவது நிஜச் சேவல் என்று நினைத்துச் சத்தம் வந்த பக்கம் சுட்டுவிடுவான். வேட்டை நேரம் முடிந்தும் வெர்லின் சாலையின் இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்துக்கொண்டான். பிறகு என் தலையைப் பிடித்துத் திருப்பி, வலது காதில் வாயை வைத்துக் கொக்கரித்தான். முகம் சிவக்க, நெற்றி நரம்பு புடைக்கக் கொக்கரித்தான்.

என் காதில் வந்து விழுந்தது சூடான மூச்சும் பிஸ்கெட் தூளும்தான். அதற்கு அடியில் ஏதோ ஒரு இரைச்சல். தகரக் கூரை மேல் யாராவது நடந்தாலும் எனக்கு அப்படித்தான் இருக்கும்.

"கேட்டுச்சா?" என்றான், குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"கேட்டுச்சு," என்றேன். "அதே சத்தம்."

அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். சரளைக்கல் பாதையில் வழி நெடுக ஏதோ பேசிக்கொண்டே வந்தான். அடுத்த ஏப்ரலைப் பற்றியாக இருக்கலாம். ஆனால் அவன் சாலையைப் பார்த்தபடி பேசினான், நான் இருந்தது அவனுக்கு வலது பக்கம், அவன் பக்கம் இருந்தது என் செத்துப்போன இடது காது. சரியான இடம் என்று எனக்குத் தோன்றியபோதெல்லாம் தலையாட்டினேன்.