ஆட்டத்தை மட்டும் எடுத்துடாதீங்க

அழைப்பு மணி விடாமல் அலறியது. அழுத்திய விரல் பொத்தானிலேயே குடியேறிவிட்டது போலிருந்தது.

கத்தரி ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்தான். மூன்றாவது மாடியிலிருந்த அந்த ஒற்றை அறைக்கு ஆள் வருவது அபூர்வம். தண்ணீர் கேன் போடுகிறவர்கூடக் கேனை வாசலில் வைத்துவிட்டு, 'வச்சாச்சு' என்று ஃபோனில் ஒரு வரி தட்டிவிட்டுப் போய்விடுவார்.

கதவைத் திறந்ததும் வந்திருப்பது யாரென்று தெரிந்துவிட்டது. இடது காலில் பாரத்தைப் போட்டு, வலது தோளைச் சற்றே தாழ்த்தி நிற்கிற அந்த நிலை. பெண்கள் கால்பந்து அணியின் ஏழாம் நம்பர். இரண்டு வருடமாக அவளைத் திரையில் கால்பங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தவன் அவன். எந்த முழங்காலில் எப்போது பட்டை கட்டினாள் என்பதுகூட அவனுக்கு அத்துப்படி. அவளுக்குத்தான் அவனைத் தெரியாது.

"கத்தரிங்கறது நீங்கதானே?"

"ஆமா." மணி மூன்று ஆகியிருந்தது. அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். பாதி காற்றாகத்தான் வந்தது.

அவள் மெமரி கார்டை நீட்டினாள். "ஆட்டம் எங்க சார்?"

"அதுலதாம்மா இருக்கு. பதினாலு மேட்ச். நீங்க போட்ட ஒன்பது கோலும் வரிசையா வரும்."

"கோலை யார் கேட்டா? ஆட்டம் எங்கன்னு கேக்கறேன்."

கத்தரி விழித்தான்.

சனிக்கிழமை மைதானங்களில் விளையாடும் அணிகளுக்கெல்லாம் அவன்தான் வீடியோ வெட்டுகிறவன். பட்டப்பெயரே அதனால் வந்தது. தொப்பை குலுங்க ஓடிவரும் வங்கி அலுவலர் அவன் கைபட்டால் புலியாகிவிடுவார். பந்துக்குத் தீயில் வால் முளைக்கும். கோல்கம்பத்தில் மின்னல் இறங்கும். அந்த வீடியோவைப் போட்டுக் காட்டித்தான் பாதிப்பேர் வீட்டில் மரியாதையோடு சாப்பிட்டார்கள். மருந்துக்கடை வரிசையில் ஒரு கோல்கீப்பர் பக்கத்தில் நின்றால், 'போன வாரம் வலப்பக்கம் பாய்ந்தீர்களே, பிரமாதம்' என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சொல்லமாட்டான். அவர் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

எந்த வீடியோ வந்தாலும் அவன் முதலில் செய்வது இரண்டு வேலை. காற்றும் கூச்சலுமாக இருக்கும் ஒலியை, கேட்காமலே அடைத்துவிடுவான்; மேளச்சத்தம் போட அதுதான் தோது. அடுத்து, படம் எடுத்தவர் கையின் உதறலை நீக்கிவிடுவான். அதற்கு ஒரு பொத்தான் இருந்தது.

ஏழாம் நம்பரின் அண்ணன் மாதம் ஒரு கார்டு அனுப்புவார். கத்தரி அதைத் துடைத்து, முடிந்த படத்தை அதிலேயே ஏற்றித் திருப்பி அனுப்புவான். கூரியர் ஆளைத் தவிர நடுவில் யாரும் கிடையாது. இந்த மாதம் உறையில் கையெழுத்து மாறியிருந்தது. உள்ளே, இந்த வருட மேட்ச் பதினாலும் இருந்த கார்டோடு ஒரு சீட்டு: 'எல்லாம் ஒரே படமா வேணும். பாட்டு உங்க இஷ்டம். ஆட்டத்தை மட்டும் எடுத்துடாதீங்க.'

ஆட்டத்தை எடுத்துவிட்டு நான் எதைக் காட்டப்போகிறேன் என்று அப்போது சிரித்துக்கொண்டான். கையெழுத்து ஏன் மாறியது என்று விசாரிக்க நினைத்தான். நினைத்ததோடு சரி.

"எங்கண்ணன்தான் சார் எப்பவும் எடுப்பான்," என்றாள் அவள். "நான் பந்தைத் தொட்டா கோட்டோரமா கூடவே ஓடி வருவான். கோல் விழுந்தா குதிப்பான். படம் மேலயும் கீழயும் ஆடும். பாக்கறவங்களுக்குத் தலை சுத்தும். இப்போ ஸ்டாண்டு போட்டு எடுத்த மாதிரி அப்படியே நிக்குது."

"அதனால என்னம்மா, அண்ணன்கிட்ட..."

"அவன் போய் ரெண்டு மாசம் ஆச்சு."

கத்தரி கதவுப் பிடியை விடவில்லை.

"ஃபோன் அவன் கையில இருந்ததால ஒரு படத்துலயும் அவன் இல்ல சார். அந்த ஆட்டந்தான் அவன். அதைத்தான் எடுக்காதீங்கன்னு எழுதினேன். போனது போகட்டும், பழசை அப்படியே குடுங்க."

கத்தரி அவள் கையிலிருந்த கார்டைப் பார்த்தான். "கார்டுல இருந்ததைத் துடைச்சுட்டேம்மா. உங்கண்ணன் அனுப்பினப்ப எல்லாம் அப்படித்தான் செய்வேன்."

"அவன் ஃபோன்ல இருந்ததையெல்லாம் கார்டுக்கு மாத்திட்டுத்தான் அனுப்பினேன். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்ல?"

"நீங்க நேத்து ஃபோன்ல கட்டைவிரல் படம் அனுப்பினீங்களே. படம் பாத்தாச்சு, சரிங்கறீங்கன்னு நெனச்சு அழிச்சுட்டேன்."

"கார்டு கைக்கு வந்துடுச்சுன்னு அனுப்பினேன் சார்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கத்தரி அறைக்குள் நாலு தரம் நடந்தான். அவனுடைய கிழட்டுக் கம்ப்யூட்டர் மேஜைக்கடியில் உறுமிக்கொண்டிருந்தது. பெரிய படத்தை ஓட்ட அதற்குத் தெம்பில்லை. ஒவ்வொன்றுக்கும் மங்கலாக ஒரு சின்னப் பிரதி செய்துகொண்டுதான் வேலையையே...

நின்றான்.

சின்னப் பிரதிகளை அவன் மாதக் கடைசியில்தான் துடைப்பான். இன்று தேதி இருபத்தாறு.

"உள்ள வாங்கம்மா."

இன்னொரு நாற்காலியின் மேல் வயர்கள் மலைபோல் கிடந்தன. அவற்றை அள்ளிக் கட்டிலில் போட்டான். விசைப்பலகைக்குப் பக்கத்தில் காலையில் கடித்து வைத்த ரொட்டித்துண்டு விறைத்துக் கிடந்தது. அதைக் கையால் மறைத்தபடி தேடினான். பதினாலும் இருந்தன.

முதல் படம் ஓடியது. முகமெல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் ஏழாம் நம்பர் பந்தைத் தொட்டதும் படம் குலுங்கிக்கொண்டு அவளோடு ஓடியது. கோல் விழுந்தது. வானம், புல், யாருடையதோ ஒரு செருப்பு, மறுபடி வானம்.

"அவன் செருப்பு," என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. "சத்தத்தை வைங்க சார்."

எப்போதும் அடைத்தே கிடந்த ஒலியை அவன் திறந்துவிட்டான்.

மூச்சு வாங்கும் ஓர் ஆண்குரல் அறைக்குள் வந்தது. "ஓடு... ஓடு... விட்றாத... போட்டுட்டாய்யா எங்க வீட்டு மகராசி." பிறகு விசில். மைதானம் காலியாயிற்று. படம் அசையாமல் நின்றது. குரல் மட்டும் பக்கத்தில் வந்து, ரகசியம் சொல்வதுபோல் தணிந்தது.

"எடிட்டர் சார், பாதி ஆட்டம் முடிஞ்சுது. நடுவுல என் தங்கச்சி வழுக்கி விழுந்தா பாருங்க, அதை மறக்காம வெட்டிடுங்க. இல்லேன்னா வீட்டுல என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவா. அப்புறம்... நீங்க சாப்பிட்டீங்களா?"

பதிலுக்குக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் மௌனம். பிறகு இரண்டாம் பாதி தொடங்கியது.

கத்தரி அடுத்ததை நேராகப் பாதி ஆட்டத்துக்கு நகர்த்தினான். "எடிட்டர் சார், இங்க மழை. உங்க பக்கம் எப்படி? சாப்பிட்டாச்சா?" அதற்கடுத்தது. "சார், போன மாசம் பந்துக்கு வால் வச்சீங்களே, அம்மா பயந்துட்டாங்க. சாப்பிட்டீங்களா?"

இந்த வருடத்தில் மட்டும் பதினாலு. அதற்கு முந்தைய வருடத்தில் எத்தனையோ. அவன் கை மவுஸின் மேல் அப்படியே கிடந்தது.

ஏழாம் நம்பர் முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கார்டு திரும்பி வர்றப்ப எல்லாம் கேப்பேன், உன் எடிட்டர் என்ன சொன்னார்னு. 'நல்லா வெட்டறார், ஆனா நம்மகிட்ட பேசப் பிடிக்கல போலிருக்கு'ம்பான்."