எல்லாரும் எண்டா ஆரு

நுஸ்ஹாவின் கலியாணம் முடிந்து ஒன்பதாம் நாள். மதிய ளுஹர் தொழுகை முடிந்து பசார் மறுபடி இரையத் தொடங்கிய நேரம், ஜெனூபா அல்பத்தின் ஒரு பக்கத்துக்குப் பெயர் மாற்றப் போனாள். கணினி இடம் கொடுக்கவில்லை. இந்தக் கோப்பை வேறு கணினியில் யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

வேறு கணினி என்றால் அந்த ஸ்டூடியோவில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. கீழே, முன்கடையில், முதலாளி நளீரின் மேசையில்.

கல்முனைப் பக்கம் கலியாணத்தில் பொம்பிளை வீட்டுப் படம் எடுக்கப் பெண்ணைத்தான் தேடுவார்கள். ஜெனூபா அதற்கென்றே வேலைக்கு வந்தவள். மேல்மாடி அறை அவளுடையது. கதவுக்குத் தாழ், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கீழ்க்கடையில் அடையாள அட்டைப் படமும் மாப்பிள்ளை வீட்டு அல்பமும் பெரிய பிரிண்டரும். பெண்களின் படங்களை அச்செடுக்கப் பின்னேரம், அஸர் தொழுகை நேரம், நளீரின் மனைவி நாச்சியா வருவாள். அவள் வந்ததும் நளீர் எழும்பிப் பள்ளிவாசலுக்குப் போவார். அதுதான் ஒழுங்கு.

அந்த ஒழுங்கை நம்பித்தான் ஜெனூபா நுஸ்ஹாவின் உம்மா ஸுஹைறாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். நிந்தவூரிலிருந்து பஸ் ஏறி வந்து, படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டே ஸுஹைறா கேட்ட வாக்கு அது. "மகள், எடுக்கிறதும் நீ, பாக்கிறதும் நீ. ஒரு ஆம்பிளட கண் படப்படா."

"என்ட கையத் தாண்டாது சாச்சி."

இப்போது ஜெனூபா படியிறங்கிப் போனாள். நளீரின் திரை நிறைய நுஸ்ஹா. முக்காடில்லாமல், கூந்தலில் பூ, இரண்டு கையிலும் மருதாணி. நளீர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மருதாணியின் சிவப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் திரையைக் கையால் மறைத்தார். உள்ளங்கை அளவுக்குத்தான் மறைந்தது.

"நாச்சியா ராத்தா எங்க நானா?"

"வீட்ட. ஏழு மாசமெல்லா. பஸ்ஸில குலுங்கப்படா எண்டுட்டார் டொக்டர்."

"எப்ப இருந்து?"

"பெருநாளுக்குப் புறகு."

"அப்ப பெருநாளுக்குப் புறகு ஆரு பிரிண்ட் எடுத்த?"

"ஆரு எடுக்கிற? ஜின் வந்தா எடுக்கிற?"

அவள் சிரிக்கவில்லை. நளீர் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"நான் ஆளப் பாக்கல்ல ஜெனூபா. நிறத்தப் பாக்கன். மருதாணி மண் நிறமாப் போனா மேல இருந்து கத்துறது நீதானே."

பொய் இல்லை. அவளுக்கே தெரியும். அவளுடைய அறைக்கு ஏறும்போது படியிலேயே மூன்று தரம் செருமிவிட்டு, கதவுக்கு வெளியே நின்று கதைக்கிற மனிதன்.

"மேல வாறெண்டா மூணு தரம் செருமுறீங்க. இதுக்குள்ள போகக்குள்ள செருமினீங்களா?"

"கொம்பியூட்டருக்கு ஆருகா செருமுற" என்றார் நளீர். சொன்ன பிறகு அவருக்கே அது நல்லாயில்லை போலிருந்தது. படத்தை மூடினார்.

மேலே வந்து ஜெனூபா கதிரையில் சும்மா இருந்தாள். தவறு அவளுக்கும்தான். இரண்டு வருடத்துக்கு முதல் இரண்டு கணினிகளையும் வயர் இழுத்துச் சேர்த்தவன், கோப்புறைக்கு என்ன பெயர் என்று கேட்டான். பெண்கள் மட்டும் என்றாள். அவன் எழுதிவிட்டுப் போனான். அவளும் காரியம் முடிந்தது என்று நினைத்தாள். இந்த ஊர்களில் ஒரு வீட்டு வாசலில் ஒரு முழத் துணி தொங்கினால் போதும். வருகிற ஆண் வெளியே நின்று ஸலாம் சொல்வான், செருமுவான், உள்ளேயிருந்து குரல் வரும்வரை கால் எடுத்து வைக்கமாட்டான். அந்தத் துணித் திரைக்கு யாரும் பூட்டுப் போட்டதில்லை. அப்படி வளர்ந்தவள் ஒரு பெயரைத் தொங்கவிட்டுவிட்டு, அதைக் கதவென்று இரண்டு வருடம் நம்பியிருந்தாள்.

நுஸ்ஹாவின் கோப்புறையை அழுத்தி, யார் யார் திறக்கலாம் என்கிற பட்டியலை எடுத்துப் பார்த்தாள். முதல் வரியில் ஆங்கிலத்தில் எவ்ரிவன் என்று கிடந்தது. பார்க்கலாம், மாற்றலாம், அழிக்கலாம், எல்லாத்துக்கும் சரி போட்டிருந்தது. வயர் இழுத்தவனுக்கு அது லேசு. ஒவ்வொரு பெயராகப் போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. அவள் அந்த வரியை எடுத்துவிட்டுத் தன் பெயரை மட்டும் வைத்தாள்.

அடுத்த நாள் காலை படியில் மூன்று தரம் செருமல் கேட்டது.

"ஜெனூபா, என்ட கடை, என்ட கொம்பியூட்டர். எனக்கே அனுமதி இல்லயாம். கடைக்காரன வெளியில போட்டுட்டுத் திண்ணப் போறயா கடைய?"

"நாச்சியா ராத்தாக்குத் தாறன். உங்களுக்கில்ல."

"அவக்கு எந்தப் பேர்ல குடுப்பாய்? முன்கொம்பியூட்டருக்கு ஒரு பேர்தான் இரிக்கி."

அது உண்மை. புருசனும் பெண்சாதியும் ஒரே பெயரில் ஒரே பாஸ்வேர்ட்டால் உள்ளே போனவர்கள். நிக்காஹ் எழுதியவருக்கு அவர்கள் இரண்டு பேர். கணினிக்கு ஒரே ஆள்.

"வேற பேர் உண்டாக்கலாம்" என்றாள்.

"உண்டாக்கு. உன்ட ராத்தா வாறத்துக்கு இன்னும் அஞ்சு மாசம். வியாழக்கிழமை குடுக்கிற அல்பம் ஆரு எடுக்கிற?"

"நான் எடுப்பன்."

"சரி, நீயே கீழ வந்து எடு. தாள் வெளிய வந்து விழுற தட்டு வாசலப் பாத்துத்தான் இரிக்கி. தாளுக்கும் பாஸ்வேர்ட் போடுவியா?"

ஜெனூபா யோசித்தாள். கோப்பை எத்தனை பூட்டுப் போட்டுப் பூட்டினாலும் தாள் தாளாகத்தான் வெளியே வரும்.

"அப்ப பிரிண்டர மேல கொண்டு வாங்க."

"நாப்பது கிலோகா."

"என்ட வாப்பா ஆரு?"

அவளுடைய வாப்பா கச்சிமுகம்மது முப்பது வருடம் சந்தையில் மூட்டை சுமந்த நாட்டாமை என்பது பசாரில் எல்லாருக்கும் தெரியும். நளீர் பிரிண்டரின் வயரைக் கழற்றினார். படியில் சுமை ஏற்றினால் கீழே நிற்பவன் தலையில்தான் பாரம் என்று ஜெனூபா கீழ்ப்பக்கம் போனாள். நளீர் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே கீழே பிடித்தார். பதினான்கு படி. இடையில் பிரிண்டர், வாசல் திரை மாதிரி. இரண்டு பேருக்கும் ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்டது, முகம் தெரியவில்லை.

மேலே வைத்துவிட்டு நளீர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே போய் நின்றார்.

"ஸுஹைறா ராத்தாக்குச் சொல்லப் போறயா?"

"ஓம்."

"மூடியாச்சி. இனி சொல்லி என்னத்துக்கு? என்ட முகத்த எங்க கொண்டு வைக்கிற நான்?"

அவள் பிரிண்டரின் வயரைச் சொருகினாள். நனைந்த நெல் மூட்டையை அடுக்கின் அடியில் ஒளித்து வைத்தால் நான்காம் நாள் என்ன மணம் வரும் என்று சந்தைக்கு வாப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கண்டவள் அவள்.

வியாழக்கிழமை அல்பத்தோடு நிந்தவூருக்குப் போனாள். ஸுஹைறா குசினியில் இடியப்பத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தாள். ஜெனூபா அல்பத்தைக் கொடுக்க முதல் விசயத்தைச் சொன்னாள். அரிதட்டு நின்றது.

"எத்தின தரம் பாத்தான்?"

"பிரிண்டுக்குத்தான் சாச்சி."

"நான் அதக் கேக்கல்ல."

"தெரியா."

ஸுஹைறா கையிலிருந்த மாவைத் தட்டினாள். "ஏழு வருசம் கத்தார்ல இருந்தன். குசினிக்குள்ள கமரா. மேடம் பாக்கிறாவா, அவட மகன் பாக்கிறானா, ஒருத்தரும் பாக்கல்லயா, தெரியா. முக்காட்ட எடுத்து வேர்வையத் துடைக்கவும் பயம். பாத்தத்த விட அந்தத் தெரியாததுதான் மகள் என்ன திண்ட. அதுக்குத்தான் உனக்கிட்ட வாக்கு வாங்கின."

ஜெனூபா அல்பத்தை அவள் பக்கத்தில் வைத்தாள். மன்னிச்சிட்டன் என்று ஸுஹைறா சொல்லவில்லை. அல்பத்தைத் திறக்கவுமில்லை.

"நாளைக்கி வாறன். எனக்குக் காட்டு."

வந்தாள். கடை வாசலில் அவளைக் கண்டதும் நளீர் எழும்பி றோட்டுக்கு இறங்கி, எதிர்க் கடை நிழலில் போய் நின்றார். ஸுஹைறா அந்தப் பக்கம் பார்க்காமல் மேலே ஏறினாள்.

ஜெனூபா நுஸ்ஹாவின் பட்டியலைக் காட்டினாள். ஒரு பெயர்தான் இருந்தது.

"முதல் எப்பிடி இருந்த?"

காட்ட வேண்டுமே என்று அவள் பக்கத்துக் கோப்புறை ஒன்றின் பட்டியலைத் திறந்தாள். "இப்பிடி. இந்த வரிதான். எல்லாரும் எண்டு போட்டிரிக்கி."

"எல்லாரும் எண்டா ஆரு?"

"இந்தக் கடைக் கொம்பியூட்டர்கள்ல இருக்கிற ஆரும்."

"இது ஆர்ட போல்டர்?"

ஜெனூபாவின் விரல் மவுஸின் மேல் நின்றது. "மருதமுனையில ஒரு பிள்ளைட."

"அது இன்னும் திறந்தா கிடக்கு?"

கணினியில் கிடந்தது பெருநாளுக்குப் பிறகு எடுத்த பதினொரு கலியாணம். அவள் பூட்டியது ஒன்றை.

"எனக்கு மட்டும் என்னத்துக்குகா வந்து சொன்ன?"

"நீங்கதான் கேட்டு வாக்கு வாங்கினீங்க சாச்சி."

"அவங்க கேக்கல்ல. கேக்கத் தேவயில்ல எண்டு உன்ன நம்பினாங்க. ரெண்டில எது பெரிசு?"

ஜெனூபா ஒவ்வொன்றாகத் திறந்தாள். அந்த வரியை எடுத்தாள், தன் பெயரை வைத்தாள். பத்துத் தரம். ஸுஹைறா ஸ்டூலில் இருந்து பத்தையும் பார்த்தாள். பிறகு நுஸ்ஹாவின் படங்களைப் பென்டிரைவில் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, கணினியில் கிடந்ததை அழிக்கச் சொன்னாள். அழித்தாள். நுஸ்ஹாவின் பட்டியலில் கடைசியாகக் கிடந்த ஜெனூபாவின் பெயரும் அதோடு போனது.

"நான் ஊருக்குள்ள சொல்லமாட்டன்" என்றாள் ஸுஹைறா படியில் நின்று. "நீ சொல்லு."

அன்று அஸருக்குப் பிறகு ஜெனூபா மருதமுனை பஸ்ஸில் ஏறினாள். முதல் வீடு கைத்தறிக்காரர் வீடு. வாசலில் பச்சைத் திரை. பெண்ணுக்குப் பெண் அங்கே நிற்கத் தேவையில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம். போன தடவை அப்படித்தான் கமராவோடு போனாள். இன்று வெளியே நின்று ஸலாம் சொன்னாள்.

திரையை விலக்கிக்கொண்டு கலியாணப் பொம்பிளையின் உம்மா எட்டிப் பார்த்தாள். "ஆரு, படம் எடுத்த பிள்ளையா? என்னகா ஆம்பிளயளப் போல வெளிய நிக்காய். உள்ள வா."

"ஒரு விசயம் சொல்ல இரிக்கி" என்றாள் ஜெனூபா. "முதல்ல அதக் கேளுங்க. புறகு கூப்பிடுங்க."