சனிக்கிழமைக்கு விட்ட பட்டைகள்

வெள்ளிக்கிழமை விடியும்போது பாரிமாவின் மனைவி செர்வாவுக்குப் பெண் பிறந்தது. அன்று பாரிமா தறியைத் தொடவில்லை. நெசவாளர் ஊரான பொன்விரேயில் எவனும் வெள்ளிக்கிழமையில் ஒரு துணியைத் தொடங்கவும் மாட்டான், முடிக்கவும் மாட்டான். பெயர் வைக்கும் எட்டாம் நாளும் வெள்ளிக்கிழமை. பிள்ளைக்கான துணியை நெய்ய நடுவில் ஆறு நாள்தான்.

"பத்து மாசம் சும்மா இருந்துட்டு இப்பதான் பாவு போடுறீங்க," என்றான் மறுநாள் பக்கத்துத் தறியிலிருந்து சார்போங். செர்வாவின் தம்பி. "ஊருக்கெல்லாம் கெந்தேத் துணி நெய்வீங்க, சொந்தப் பிள்ளைக்கு மட்டும் இந்த ஓட்டமா மச்சான்?"

"உன் வேலையைப் பாரு மாப்ளே. மூணாவது கட்டம் கோணிக்கிட்டுப் போகுது."

சார்போங்குக்குக் காரணம் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் பிறந்த பையனுக்கு, பிறப்பதற்கு முன்பே பாரிமா ஆறு பட்டைகளை நெய்து ஒரே துணியாகத் தைத்து வைத்திருந்தான். பையன் ஐந்தாம் நாள் போய்விட்டான். அந்தத் துணி பெட்டியின் அடியில் கிடக்கிறது. இம்முறை அவன் அடுத்தவர் துணிகளையே நெய்துகொண்டிருந்தான். "இதுவும் தங்காதுன்னு நினைக்கிறியா?" என்று செர்வா ஒருமுறை கேட்டாள். அவன் தறிக்கு எழுந்து போய்விட்டான்.

வெள்ளையும் பச்சையுமாக, உள்ளங்கை அகலத்தில் பட்டை வளர்ந்தது. நெய்ய நெய்ய, பாவு நூலை இழுத்துப் பிடித்திருந்த கல் தரையில் ஊர்ந்து தறியை நெருங்கியது. ஆனாலும் ஆறு பட்டைக்கு நாள் போதவில்லை. வியாழன் மதியம் நாலு பட்டையோடு அறுத்து, கட்டங்கள் நேராக வரும்படி தைத்து, ஓர முடிச்சையும் போட்டு முடித்து, செர்வாவின் அறைக்கு எடுத்துப்போனான்.

அவள் அதைப் பிள்ளைமேல் விரித்தாள். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன இது, கைக்குட்டையா?"

"நாலுதான் ஆச்சு. நாளைக்கு முடிக்கக் கூடாதே."

"பாவு தீந்துருச்சா?"

"இல்ல. இன்னும் ரெண்டு பட்டைக்கு இருக்கு."

"அப்ப சனிக்கிழமை உனக்கு என்ன வேலை?"

பாரிமா அவளைப் பார்த்தான். அவள் அந்தச் சின்னப் பாதத்தைத் துணிக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமையும் இவ இங்கதான் இருப்பா," என்றாள். "நிதானமா நெய்."

"பயமா இருந்துச்சு செர்வா. பாவு போட்டா மறுபடியும் அப்படியே..."

"எனக்கு இல்லாத பயமா? மூணு நாள் இவ மூஞ்சியை நான் நேரா பாக்கவே இல்ல."

அவன் உட்கார்ந்தான். போட்ட முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்து, நூலைத் தொங்கவிட்டான்.

மறுநாள் காலை பெரியவர்கள் பிள்ளையின் நாக்கில் ஒரு சொட்டு தண்ணீரும் ஒரு சொட்டு ஜின் மதுவும் வைத்து, வெள்ளிக்கிழமை பிறந்தவள் என்பதால் அஃபுவா ஞார்கோ என்று பெயரிட்டார்கள். ஜின்னுக்கு அவள் முகத்தைச் சுளித்த விதத்தில் முற்றமே சிரித்தது. பாரிமாவின் அத்தை துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னடி, நூல் தொங்குது?"

"இன்னும் முடியல அத்தை," என்றாள் செர்வா, எல்லோருக்கும் கேட்கும்படி.

சனிக்கிழமை பாரிமா தறிக்கு வந்தபோது கல் விட்ட இடத்திலேயே இருந்தது, இரண்டு பட்டைத் தூரத்தில். வீட்டிலிருந்து அழுகை கேட்டது.

"தறிச் சத்தத்தையே அமுக்கிடுவா போலிருக்கே உங்க மக," என்றான் சார்போங்.

"கத்தட்டும்," என்று ஊடு நூல் ஓட்டும் நாடாவை எடுத்தான் பாரிமா.