ஆடிஷனுக்கு அழுத அழுகை

கண்ணாடிக் கடையைத் திறந்த பத்தாவது நிமிடமே, இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய் வந்தாள். அவளுடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் தனியே கழன்று தொங்கியது. கடையில் வேலை செய்யும் பெண் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "ஸ்க்ரூதான் விழுந்திருக்கு. ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிப் புதிதாக ஒன்றை முடுக்கி, துடைத்துக் கொடுத்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்த தாய், கடைப் பெண்ணின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"அக்கா... நீங்களா?"

கடைப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. விடுமுறை நாட்களில் மேடை நாடகங்களில் நடிப்பவள் அவள். பதினோரு வருடத்தில் ஒருவரும் அவளை இப்படி அடையாளம் கண்டதில்லை. "எந்த நாடகத்துல பாத்தீங்க?" என்று ஆவலாகக் கேட்டாள்.

"நாடகமா? என்னக்கா சொல்றீங்க? உங்க குழந்தை போனதைக் கேட்டதுலேருந்து ரெண்டு நாள் எனக்குச் சோறே இறங்கலை."

"என் குழந்தையா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேங்க!"

தாய் கைபேசியை நீட்டினாள். தலை கலைந்து, முகம் வீங்கி, கடைப் பெண்தான் அதில் கதறிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தானே சிரிச்சுக்கிட்டு இருந்தான். ஒரே ஒரு ஊசி போட்டாங்க, மறுநாளே போயிட்டானே!" மேலே கொட்டை எழுத்தில், 'தடுப்பூசிக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்'. பார்த்தவர்கள் நான்கு லட்சம் பேர்.

"எங்க தெருவுல மூணு பிள்ளைங்களுக்குத் தட்டம்மை. இவனுக்கும் ஊசி போடச் சொல்லி நர்ஸம்மா நாலு தடவை வந்துட்டாங்க. நான் அசையலையே! உங்க புண்ணியத்துல என் பிள்ளை தப்பிச்சான்" என்றாள் தாய், நன்றியோடு.

கடைப் பெண் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தை அவளைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

நடந்தது இதுதான். சினிமா ரசிகர்களுக்காக இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறவர் ஒருவர் உண்டு. எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவார் என்பதால் பட்டியல்காரர் என்றே பெயர். 'நடிகர்களுக்குப் பயன்படும் இருபத்தைந்து இணையதளங்கள்' என்று இரண்டு மாதம் முன்பு ஒன்று போட்டார். அதில் பதினேழாவது தளம், இலவச ஆடிஷன் என்று, ஊசி போட்டுப் பிள்ளையை இழந்த தாய் கதறும் ஒரு காட்சியைக் கொடுத்து, நடித்து அனுப்பச் சொன்னது.

ஆடிஷன் வீடியோ என்றால் நடிகர் முதலில் கேமராவைப் பார்த்துத் தன் பெயர், வயது, உயரம், ஏற்கும் பாத்திரம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் நடிக்கத் தொடங்குவார். தொழிலில் கால் வைக்கிறவருக்கு முதல் நாளே சொல்லித் தருவது இது. அந்தத் தளமோ, பெயர் எதுவும் வேண்டாம், எடுத்த எடுப்பிலேயே அழுகை, வீட்டு உடை, கைபேசியைக் கையில் பிடித்தபடி எடுங்கள் என்றது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? இவளுக்கு வரவில்லை. யாரோ புதுமை விரும்பும் இயக்குநர் என்று நினைத்துக்கொண்டாள். வாய்ப்பு என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே ஓடுகிறோம்! 'நான் நடிகை' என்று சொல்லும் அந்த இரண்டு வார்த்தை இல்லாததால், அவள் நடிப்பு ஒரு தாயின் வாக்குமூலமாகிவிட்டது.

அந்த இடத்திலேயே பட்டியல்காரரை அழைத்து, தாய்க்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, அந்தப் பதினேழாவது தளம் ஏமாத்துக்காரங்கண்ணே! என் ஆடிஷனை நிஜம்னு ஊரெல்லாம் பரப்பிட்டாங்க."

"அட, அப்படியாம்மா? நான் எங்கயோ பாத்ததை எடுத்துப் போட்டேன்."

"ஒண்ணையாவது திறந்து பாத்தீங்களா?"

"இருபத்தஞ்சையும் திறந்து பாக்க எனக்கு வேற வேலை இல்லையா? நீங்கதான் பாத்துப் பண்ணணும்."

வைத்துவிட்டார். எவ்வளவு சுலபமாகக் கை கழுவிவிட்டார் பாருங்கள்! 'பயன்படும்' என்று தலைப்புப் போட நேரம் இருக்கிறது. யாருக்குப் பயன்படும் என்று பார்க்க மட்டும் நேரமில்லை. இவரை நம்பி இன்னும் எத்தனை பேர் தங்கள் முகத்தையும் குரலையும் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்களோ!

தாய் இன்னும் நம்பவில்லை. மெல்ல அருகில் வந்து, "யாராவது மிரட்டுறாங்களாக்கா? பெத்தவ அழுகை எனக்குத் தெரியாதா? அது நடிப்பே இல்ல" என்றாள்.

வாழ்நாளெல்லாம் கேட்க ஏங்கிய பாராட்டு. இப்போது அது கன்னத்தில் அறைந்தது போல வலித்தது.

நாடகக் குழுவில் அவளைக் 'குழாய்' என்பார்கள். திறந்தால் கொட்டும், மூடினால் நிற்கும். கடைப் பெண் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "நல்லாத்தானே சிரிச்சுக்கிட்டு இருந்தான்..." அதே குரல், அதே விம்மல், கன்னத்தில் அதே கண்ணீர். தாயின் உதடு துடித்தது. 'ஒரே ஒரு ஊசி' என்ற இடத்தில் சட்டென்று நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்.

"திரும்ப முதல்லேருந்து அழணுமா?"

தாய் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். "சீ! இதெல்லாம் ஒரு பொழப்பா?"

"திட்டுங்க, நல்லாத் திட்டுங்க. ஆனா இன்னிக்கே அவனுக்கு ஊசியைப் போட்டுடுங்க. உங்க கால்ல வேணா விழறேன். அது பொய்னு இப்பவே எல்லாருக்கும் சொல்லிடறேன்."

"நான் நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்" என்றாள் தாய். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"எனக்கு ஒருத்திக்கு அழுது காமிச்சிட்டீங்க. மத்த நாலு லட்சம் பேருக்கும் வீடு வீடாப் போயி அழுது காமிப்பீங்களா? கேக்கறது யாருன்னு பாக்காம நீங்க முகத்தைக் கொடுத்தீங்க. சொல்றது யாருன்னு பாக்காம நான் நம்பினேன். திறந்துகூடப் பாக்காம அந்த ஆளு ஊருக்கே நீட்டுனான். நாம மூணு பேரும் ஒரு நிமிஷம் நின்னு விசாரிக்காததுக்கு, இவனில்ல செத்திருப்பான்!"