கோடு தெரிகிற வளைவு

ஆரணிக் கடைவீதியில் ஒருவழிப் பாதை, சிக்னல் எதுவும் என் கணவர் ஜெயக்குமாரின் கண்ணில் படாது. திருமலையிலிருந்து இறங்கும்போது மட்டும் அவருக்குச் சட்டம் ஞாபகம் வந்துவிடும். "இங்கல்லாம் நிறுத்தக் கூடாது தீபா" என்பார், நானென்னவோ அவரைத் திருடச் சொன்ன மாதிரி. அவருடைய இந்த ஒழுக்கத்தால் கல்யாணமான ஏழு வருடமும் என் பாறையை நான் ஓடும் வண்டியின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

என் பாறை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. நான் நிலவியலில் எம்.எஸ்ஸி. அந்த மலைப்பாதையில் ஒரு வளைவில், சாலைக்காக வெட்டிய இடத்தில், கீழே கிரானைட்டும் மேலே மணல் படிந்து இறுகிய அடுக்குகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. விரல் அகலம்கூட இருக்காது. ஆனால் கோட்டுக்குக் கீழே இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் ஏறத்தாழ எண்பது கோடி வருடம் வித்தியாசம். அத்தனை காலத்துக்கும் அங்கே ஒரு சாட்சியும் கிடையாது. சாமி கும்பிட்டுவிட்டு இறங்குகிறவர்கள் லட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கடந்து போகிறார்கள்.

இந்த முறை நான் கெஞ்சியதற்குக் காரணம் இருந்தது. செய்யாறு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் மாணவர்களுக்கு நிலவியல் நடத்த ஆள் கேட்டிருந்தார்கள். விண்ணப்பித்தேன். முதல்வர் போனில் பேசினார். "படிச்சு முடிச்சப்புறம் ஏழு வருஷம் ஒண்ணுமே இல்லையேம்மா. புதன்கிழமை வந்து ஒரு வகுப்பு எடுங்க. புத்தகத்துல இருக்கறத யார் வேணா நடத்துவாங்க. நீங்களே போய்ப் பாத்த பாறை ஒண்ண வெச்சி நடத்துங்க, பாக்கறேன்" என்றார். சனிக்கிழமை எப்படியும் குடும்பத்தோடு திருமலை போவதாக இருந்தது. பாறைக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்க ஒரு அடிஸ்கேலைக்கூடப் பையில் போட்டுக்கொண்டேன். அளவு தெரியாத பாறைப் படத்துக்கு எங்கள் படிப்பில் மதிப்பில்லை.

"எறங்கும்போது நிறுத்தறேன்" என்று ஜெயக்குமார் வாக்குக் கொடுத்தார். கோயில் வாசலில் வைத்துக் கொடுத்த வாக்கு.

தரிசனம் முடிந்தது. ஓட்டலில் சாப்பிட்டோம். இறங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் என் மாமியார் ரேணுகாம்பாள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, "டேய், வயித்தப் பொரட்டுதுடா" என்றார். மலைப்பாதை அவருக்கு ஆகாது. அடுத்த நொடி வண்டி ஓரமாக நின்றது. அம்மாவுக்கு வாந்தி என்றால் சட்டம் வளைந்து கொடுக்கும். அவர் வாயைக் கொப்பளித்து ஏறியதும் கிளம்பினோம். இரண்டு வளைவு தாண்டியதும் என் பாறை வந்தது.

"ஏங்க, இங்கதான்" என்றேன்.

"இப்பதானே நிறுத்துனேன். பின்னாடி பஸ் வந்துகினு இருக்குது பாரு."

பாறை ஜன்னலில் வந்தது, போனது. போனை எடுத்து அழுத்தியதில் ஒரு வேப்பமரமும் என் விரலும் பதிந்திருந்தன. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மாமனார் தனகோடி முன்சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னைக் கொதிக்க வைத்தது. அந்தப் பாதையில் இறங்கத் தொடங்கும்போதே ஒரு காகிதச் சீட்டில் நேரத்தை அடித்துத் தருவார்கள். யாரும் வேகமாக ஓட்டக் கூடாது என்பதற்காக, குறித்த நேரத்துக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்தால் அபராதம். என் கணவர் பறந்து வந்திருக்கிறார். கீழே சோதனைச் சாவடி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

"இன்னும் டைம் கீது. கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்."

சுற்றிலும் பார்த்தேன். ஒரு குப்பைத்தொட்டி, ஒரு புதர், எங்களைப் போலவே முன்னால் வந்துவிட்ட இரண்டு கார். என் பாறைக்குக் கிடைக்காத நேரத்தை இந்தக் குப்பைத்தொட்டிக்குத் தாராளமாகக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"இங்க நிக்கற நேரத்துக்கு அங்க நின்னிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"ஆரம்பிச்சிட்டியா. அந்தக் கல்லு போட்டோ நெட்ல கொட்டிக் கெடக்குது."

சத்தத்தில் மாமனார் விழித்துக்கொண்டார். "இன்னாம்மா அப்படி ஒரு கல்லு?" என்று கேட்டார். ஏழு வருடத்தில் முதல்முறையாக இந்தக் குடும்பத்தில் ஒருவர் கேட்கிறார். கோபத்தை விழுங்கிக்கொண்டு, அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்த்தேன். பட்டுத்தறியிலேயே ஐம்பது வருடம் இருந்தவர் அவர்.

"மாமா, நெய்யும்போது பூ தப்பா விழுந்துடுச்சின்னா இன்னா பண்ணுவீங்க?"

"தப்பு விழுந்த எடம் வரைக்கும் ஊடை நூலப் பிரிச்சி எடுத்துட்டு, திரும்ப நெய்வோம்."

"சேலையக் கட்றவங்களுக்கு அங்க ஒரு முழம் நெய்ஞ்சி, பிரிச்சது தெரியுமா?"

"தெரியவே தெரியாது" என்றார் பெருமையாக. "தெரிஞ்சா அவன் நெசவுக்காரனே இல்ல."

"அந்த மலையும் அப்படித்தான் மாமா. நடுவுல இன்னும் எவ்வளவோ இருந்திருக்கும். மழையும் காத்தும் தேச்சி எடுத்துடுச்சி. அதுக்கு மேல புதுசா மண்ணு படிஞ்சிது. ஆனா அங்க, பிரிச்ச எடம் கோடாத் தெரியும். ஒண்ணுமே நடக்கலன்னு அர்த்தம் இல்ல. நடந்தது மிச்சம் இல்ல, அவ்வளவுதான்."

மாமனார் தலையாட்டினார். ஜெயக்குமார் சீட்டைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு, "ஏழு வருஷம் வீட்ல சும்மா இருந்தியே, இப்ப இன்னா திடீர்னு அவசரம்?" என்றார். கேலியாகத்தான் சொன்னார்.

சும்மா. மாமனாருக்கு நெஞ்சு அறுவை சிகிச்சையான வருடம் அவரைக் குளிப்பாட்டியது யார்? ஊரடங்கில் எங்கள் பட்டுச்சேலைக் கடை மூடிக் கிடந்தபோது முள்ளிப்பட்டு கிராமத்தில் வீடு வீடாகப் போய், தறிக்காரர்களுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கி வந்தது யார்? ஜி.எஸ்.டி. கணக்கை ராத்திரி பகலாகப் படித்துக் கற்றுக்கொண்டு போட்டது யார்? இதில் ஒன்றைக்கூட என்னால் விண்ணப்பத்தில் எழுத முடியவில்லை. எழுத இடமே இல்லை.

"நான் செஞ்சதையெல்லாம் நீங்களும் நல்லாத்தான் பிரிச்சி எடுத்துட்டீங்க. அடையாளமே தெரியல. கைதேர்ந்த நெசவுக்காரக் குடும்பம்" என்றேன்.

மாமனார் வெளியே புதரைப் பார்த்தார். ஜெயக்குமார் ஸ்டியரிங்கைத் துடைத்தார். மாமியார் எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"டேய் ஜெயா" என்றார். "என் கண்ணாடிய மேல ஓட்டல்லயே வெச்சிட்டேன்டா."

"இன்னாம்மா பேஜாரு பண்றே. ஊருக்குப் போய் புதுசு வாங்கிக்கலாம்."

"அது இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது. வண்டியத் திருப்பு."

திருப்பினார். சாவடியைத் தாண்டி, என் பாறை இல்லாத, ஏறுவதற்கென்றே இருக்கிற பாதையில் சேர்ந்து, சோதனைக்காக எல்லாப் பையையும் இறக்கி, ஏற்றி, அதன் வளைவெல்லாம் ஏறினோம். கல்லுக்கு இரண்டு நிமிடம் தராதவர் கண்ணாடிக்காக ஒரு மலையை ஏறுகிறார். எனக்குப் பேசவும் பிடிக்கவில்லை. புதன்கிழமை நெட்டில் எடுத்த படத்தைக் காட்டி, அவர்கள் கேட்கிற கேள்விக்குத் திருதிருவென்று விழித்து, திரும்பி வந்து கடைக் கணக்குப் போடுவேன். இதுதான் நடக்கப்போகிறது என்று முடிவே செய்துவிட்டேன்.

ஓட்டலில் மேசைக்கு அடியிலெல்லாம் தேடினார்கள். கண்ணாடி இல்லை. "போனது போச்சி, விடு" என்று மாமியார் சட்டென்று எழுந்து வண்டியில் ஏறிக்கொண்டார். இதற்கா இவ்வளவு தூரம் என்று எனக்கு அவர்மேலும் எரிச்சல் வந்தது.

இறங்கும்போது நான் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டே எண்ண முடியும் எனக்கு. அடுத்தது அதுதான் என்று தெரிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"டேய் நிறுத்து. வாந்தி" என்றார் மாமியார்.

வண்டி நின்றது. கண்ணைத் திறந்தேன். எதிரே என் பாறை. ஏழு வருடமாக நான் ஜன்னலில் விரல் வைத்துக் காட்டிய அதே இடம்.

மாமியார் இறங்கினார். ஓரமாகக் குனியவில்லை. நேராகப் பாறையின் பக்கம் போனார். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, உள்ளேயிருந்து தன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கல்லைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

ஜெயக்குமார் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார்.

"எதும்மா அந்தக் கோடு?" என்று மாமியார் கேட்டார்.

ஓடிப்போய்க் காட்டினேன். அடிஸ்கேல் பையோடு வண்டியிலேயே இருந்தது. அவர் தன் கையை விரித்துக் கோட்டின் மேல் வைத்தார். பாதிக் கை கிரானைட்டில், பாதி மணல் அடுக்கில். "அளவுக்கு இது போதுமா? ஜல்தியா எடு" என்றார். எடுத்தேன். மறுபடியும் எடுத்தேன்.

"நடுவுல இருந்ததெல்லாம் தேஞ்சி போச்சின்ன இல்ல?"

"ஆமா அத்தை."

"ஆனா இருந்துது."

"இருந்துது அத்தை."

"அத அந்தக் காலேஜ்காரங்ககிட்ட நல்லா அழுத்திச் சொல்லு" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சுருக்குப் பையில் போட்டு இறுக்கினார். வண்டியில் ஏறி உட்கார்ந்து மகனிடம், "போலாம்டா, வாந்தி நின்னுடுச்சி" என்றார்.