லிஸ்பனுக்கு இரண்டு இருக்கை

என் அக்கா ட்ரூடி மில்வாக்கியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நான் வீடுகளில் ஹீட்டர் பழுது பார்க்கிறவன். லிஸ்பன் போக இருவரும் சேர்த்த பணத்தைவிட டிக்கெட் விலை வேகமாக ஏறியது. டாலர் வேறு யூரோவிடம் இளைத்துக்கொண்டே போனது. இந்த வசந்தத்தில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னும் காத்திருந்தா நம்ம சவப்பெட்டிதான்டா ஐரோப்பா போகும்."

இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டை எடுத்தாள். பெட்டி கொண்டுபோகக் கூடாது, சாப்பாடு கிடையாது. தங்குவதற்கு, எட்டுப் பேர் படுக்கும் அறையில் இரண்டு கட்டில். சில வருடம் முன்பு அந்த விலைக்குத் தனி அறையே கிடைத்திருக்கும்.

சிகாகோ விமான நிலையத்தில் ஏறக் காத்திருந்தபோது, மேசையிலிருந்த பெண் மைக்கில் அறிவித்தாள். இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டார்களாம். யாராவது இரண்டு பேர் விட்டுக்கொடுத்து நாளை மாலை போனால் ஆளுக்கு அறுநூறு டாலர், ராத்திரி தங்க ஹோட்டலும் உண்டு.

நான் எழுந்தேன். ட்ரூடி என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருடா வேட். எவனும் அசையல பாரு. தொகைய இன்னும் ஏத்துவா."

"வேற யாராவது முந்திட்டா?"

"முந்தட்டுமே. நாம இன்னைக்கே லிஸ்பன் போறோம். என்ன கெட்டுப்போச்சு?"

எண்ணூறு ஆனது. ஆயிரம் ஆனது. எதிரே கோல்ஃப் தொப்பிக்காரரும் மனைவியும் குசுகுசுவென்று பேசினார்கள். அந்த அம்மாள் குனிந்து ஷூவை மாட்டினாள்.

"ட்ரூடி, அவ கிளம்பறா!"

"லேஸ் கட்டி முடிக்கட்டும்."

"ஆயிரத்து நானூறு..." என்று மைக் சொல்லி முடிக்கவில்லை, அக்கா பாய்ந்துவிட்டாள். மூட்டுவலி என்று தினமும் புலம்புகிறவள், பெட்டிகளைத் தாண்டிக் குதித்து ஓடினாள். மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, "நாங்க ரெண்டு பேர்!" என்று கத்தினாள். தொப்பிக்காரர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"பயப்படாதீங்க மேடம், உங்களுக்குத்தான்" என்று அந்தப் பெண் சிரித்தாள். "கார்டுலயே பணமா வந்துடும்."

எட்டுப் பேர் அறைக்குக் கட்டிய முன்பணம் போனால் போகட்டும் என்று, அன்று ராத்திரியே லிஸ்பனில் ஆற்றைப் பார்த்த தனி அறைகள் இரண்டு பிடித்தோம்.

மறுநாள் மாலை அதே வாசலில், அதே மைக், அதே அறிவிப்பு! என் கால் தானாக எழுந்தது.

"எந்திரிச்சே, காலை ஒடச்சிடுவேன்" என்றாள் ட்ரூடி. "நேத்து காசு வேணும்னு தோணுச்சு. இன்னைக்கு எனக்கு லிஸ்பன் வேணும்."

முதல் ஆளாக ஏறினாள். கடலைக் கடக்கும் வரை கண்ணை மூடவில்லை, என்னையும் மூடவிடவில்லை.

லிஸ்பனில் அறைக்குள் நுழைந்ததும் ஜன்னலை விரியத் திறந்தாள். வெயிலில் ஆறு தகதகவென்று மின்னியது. நான் பையைக் கழற்றுவதற்குள் படிக்கட்டில் அவள் குரல் கேட்டது.

"வேட், சீக்கிரம் வாடா! கீழ தெருவுலயே மீன் சுடறாங்க!"