அறுநூறு கிராம்

எடைக் கூடத்தில் கிராம் மேடத்துக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் இருந்தது. கத்துவார். பந்தயக் காரைத் தராசுப் பலகைமேல் ஏற்றியதுமே "கதவு!" என்று ஒரு சத்தம் போடுவார். உடனே யாராவது ஓடிப்போய் ஷட்டரை இறக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் திரையில் ஓடுகிற எண்ணை ஏறெடுத்தே பார்ப்பார்.

காரணம் சாதாரணமானதுதான். அந்த வண்டிகளுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற இறக்கைகள், காற்று பட்டால் வண்டியைத் தரையோடு அழுத்துவதற்கென்றே செய்தவை. ஓடும்போது மட்டும்தான் அழுத்துவேன் என்று அவை சத்தியம் செய்து கொடுக்கவில்லை. வண்டி சும்மா நின்றாலும், எதிர்க்காற்று அடித்தால் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டும். ஓட்டுநரையும் சேர்த்து எண்ணூறு கிலோவுக்கு ஒரு கிராம் குறைந்தாலும் வண்டி போட்டியிலிருந்து நீக்கம் என்கிற விளையாட்டில், ஒன்றரைக் கிலோ என்பது கொஞ்சநஞ்சம் இல்லை.

கார்ப் பந்தயச் சம்மேளனத்தின் தலைமைப் பரிசோதகராக இருபத்திரண்டு வருஷம் இப்படிக் கத்தியே 'கிராம் மேடம்' என்று பேர் வாங்கியவர், அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கத்த மறந்துவிட்டார். என்ன செய்வது, அன்றைக்கு ஜெயித்தது அவருடைய கூடப்பிறந்த தம்பியின் அணி.

தம்பிதான் நீல அணியின் மேலாளர். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பத்து அணிகளில் ஒன்பதை ஒன்றுசேர்த்துக்கொண்டு சம்மேளனத்தோடு ஆறு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனும் அவன்தான். விதியை எழுதுகிற மேசையில் பத்து அணிக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டு. வண்டி செய்கிறவன் ஒருத்தன், உயிரைக் கொடுத்து ஓட்டுகிறவன் ஒருத்தன், விதியை மட்டும் சம்மேளனத் தலைவர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டே இருப்பார். 'எங்களுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு கொடு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் நாங்களே தனியாகப் பந்தயம் நடத்திக்கொள்கிறோம்' என்று தம்பி எழுதிய கடிதத்தில் ஒன்பது அணிகள் கையெழுத்துப் போட்டிருந்தன. போடாதது மஞ்சள் அணி மட்டும். அது தலைவருடைய செல்லப்பிள்ளை. மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிப்பதாக இருந்தது. அதுவரை தலைவரும் தம்பியும் வக்கீல் இல்லாமல் வணக்கம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

பந்தயத்தில் நீலம் முதல், மஞ்சள் இரண்டாவது, வெள்ளை மூன்றாவது. கொடி விழுந்ததும் தம்பி நேராக எடைக் கூடத்துக்குள் ஓடிவந்து, அத்தனை பேர் முன்னாலும் அக்காவைக் கட்டிக்கொண்டான். வரக்கூடாது, விதி இடம் கொடுக்காது. "போடா வெளிய, ஆளுங்க பாக்கறாங்க" என்று அவனைத் தள்ளிவிட்டார் கிராம் மேடம். தள்ளினாரே ஒழிய முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு மூன்று வண்டிகளையும் தராசில் ஏற்றி இறக்கினார். நீலம் எண்ணூறு கிலோ, எழுநூறு கிராம். மஞ்சள் எண்ணூற்று ஒன்று. வெள்ளை எண்ணூற்று மூன்று. எல்லாம் சரி. வண்டிகளைப் பூட்டிய கம்பிக் கூண்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பரிசோதகர் கையெழுத்துப் போடும் வரை அங்கே ஈ எறும்புகூட அவற்றைத் தொட முடியாது.

அரை மணி நேரம் கழித்து, அறிக்கையை நிரப்பிக்கொண்டிருந்தபோது தாள் மேசையிலிருந்து பறந்து கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடியும் பறந்தது. நிமிர்ந்து பார்த்தார். ஷட்டர் முழுசாகத் திறந்து கிடந்தது. எடை போடுவதை நேரலையில் காட்ட வேண்டும் என்று தலைவர் பிடித்த பிடிவாதத்தில், தொலைக்காட்சிக்காரர்களின் கேபிள் கட்டு ஒன்று வாசலில் பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. வெளியே கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

பக்கத்தில் இருந்த துணைப் பரிசோதகர் அவருடைய பார்வை போன திசையைப் பார்த்தார். அவரும் பதினைந்து வருஷத்து ஆள், சொல்ல வேண்டியதில்லை.

"மேடம், நீங்க கதவுன்னு சொல்லவே இல்லையே."

"நான் சொல்லல. நீ எதுக்கு இருக்க?"

"நீங்க சொல்லாம இருப்பீங்கன்னு யாரு நெனச்சா?" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாருக்கும் தெரியாது மேடம். கையெழுத்தப் போட்டு பலகையில ஒட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

கிராம் மேடம் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார். நீலத்துக்கு எழுநூறு கிராம்தான் மிச்சம். காற்று கூட்டிக் காட்டியது அதற்கு மேலே இருந்தால்? அதோடு இன்னொன்றும் இப்போது நினைவுக்கு வந்து உறுத்தியது. பந்தயம் முடிந்தபின் ஓட்டுநர்கள் ஒரு சுற்று மெதுவாக வருவார்கள். பார்க்கிறவர்கள் ஊர்வலம் என்று நினைத்துக் கைதட்டுவார்கள். ஊர்வலமாவது ஒன்றாவது! தடத்தின் ஓரத்தில் உதிர்ந்து கிடக்கிற ரப்பர் துணுக்குகளை டயரில் ஒட்டவைத்துக்கொண்டு எடையைக் கூட்டிக்கொள்கிற வேலை அது. எல்லா அணியும் செய்வதுதான். ஆனால் இன்றைக்கு நீல வண்டிக்காரப் பையன் ஜெயித்த மிதப்பில் நடுத் தடத்திலேயே கையாட்டிக்கொண்டு வந்தான். டயர் மழுமழுவென்று இருந்ததை அவரே பார்த்தார். பார்த்தும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

'மறந்தது நான், மறைக்கவும் நானா?' என்று தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு தலைவருக்குப் போன் போட்டார்.

தலைவர் இரண்டாவது நிமிடமே வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே!

"தப்பு யாருக்கும் வர்றதுதான் மேடம். உடனே நீல வண்டியத் திரும்பப் போடுங்க."

"மூணையும் போடணும் சார்."

"மஞ்சளு எதுக்கு? அதுல தகராறே இல்லயே."

"நீலத்துலயும்தான் யாரும் தகராறு பண்ணல. காத்து ஒரு வண்டிக்கு மட்டுமா அடிச்சுது?"

ஷட்டரை இறக்கினார்கள். கேபிளை அறுத்தெறியாத குறைதான். முத்திரையிட்ட எடைக்கற்களை வைத்துத் தராசைச் சரிபார்த்தார். முதலில் நீல வண்டி ஏறியது. எண் ஓடி ஓடி நின்றது. முன்பே குறித்துவைத்த ஓட்டுநரின் எடையையும் கூட்டினால் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது கிலோ, நானூறு கிராம். அறுநூறு கிராம் குறைவு. தலைவர் கைதட்டப் போனவர், இடம் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

அடுத்தது மஞ்சள். எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது கிலோ, எழுநூறு கிராம். முந்நூறு குறைவு.

வெள்ளை வண்டி எண்ணூற்று ஒன்றேமுக்காலில் நிம்மதியாக நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை. தலைவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டிருந்தார்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். தனியாக இல்லை. கூடவே தம்பி. இரண்டு பேரும் தோளோடு தோள் உரச ஒரே வாசல் வழியாக உள்ளே நுழைந்ததைப் பார்த்துத் துணைப் பரிசோதகர் வாயைப் பிளந்தார். ஆறு மாதமாகக் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள்!

"அக்கா," என்றான் தம்பி. "மொத எடையும் நீ போட்டதுதானே? அதுவே இருந்துட்டுப் போகட்டும்."

"அது தப்பான எடைடா."

"தப்புன்னு உனக்கு மட்டும்தான் தெரியும்."

"இப்ப நாலு பேருக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சதே போதும், அது வேற விஷயம்."

தலைவர் நடுவில் புகுந்தார். "மேடம், சம்மேளனத்துக்கு ஆட்சேபணை இல்ல. டீம் பக்கத்துலயும் இல்ல. பின்ன உங்களுக்கு என்ன?"

"வெள்ள வண்டிக்காரங்க? அவங்களக் கேட்டீங்களா? நியாயமா ஜெயிச்சது அவங்கதான்."

"அவங்களுக்கு மூணாவது வந்ததே பெரிய விஷயம். அங்க கேக்கு வெட்டிக்கிட்டு இருக்காங்க," என்றார் தலைவர். நாக்கூசாமல் சொன்னார்.

தம்பி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "உனக்குப் புரியலக்கா. இந்த ஜெயிப்புப் போச்சுன்னா என் பின்னாடி நிக்கற பாதி டீம் நழுவிடும். நாளைக்குப் பத்து மணிக்கு வெறுங்கையோட போய் உக்காரணும். ஆறு மாசம் தூங்காம ஓடியிருக்கேன். எனக்காக இந்த ஒரு தடவ செய்யக் கூடாதா? நான் உங்கிட்ட இதுவரைக்கும் ஏதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லைதான். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. அப்போதும் அழுது அடம்பிடித்து எதையும் கேட்டதில்லை, கொடுத்ததைச் சாப்பிட்டான், கொடுத்ததைப் போட்டுக்கொண்டான். முதல் தடவையாக இன்றைக்குக் கேட்கிறான். அதுவும் இதைக் கேட்கிறான். கிராம் மேடத்துக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது, பாவமாகவும் இருந்தது. கையை உருவிக்கொண்டு மேசைக்குப் போனார்.

இரண்டாவது எடையை அறிக்கையில் எழுதினார். கீழே கையாலேயே இரண்டு வரி சேர்த்தார்: 'முதல் எடையின்போது கூடத்தின் கதவு திறந்திருந்தது. மூடச் சொல்லாதது என் தவறு.' கையெழுத்துப் போட்டார். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வெளியே நடந்து, அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டிவிட்டு வந்தார். அவர் திரும்பியபோது தம்பி அங்கே இல்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேட்க வேண்டாம். தலைவர் சொல்லித் தம்பியையே கவிழ்த்துவிட்டாள் என்றது ஒரு கூட்டம். மஞ்சள் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்திருக்கிறாளே, இது தம்பி சொல்லிச் செய்ததுதான் என்றது இன்னொரு கூட்டம். கதவு திறந்திருந்ததால் எடை மாறியது என்பதை மட்டும் ஒரு பயலும் நம்பவில்லை. வெள்ளை அணியின் மெக்கானிக்குகள் மட்டும் கேக்கைப் பாதியில் போட்டுவிட்டுப் பலகையின் முன்னால் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். தம்பியின் போன் அணைத்தே கிடந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே கிராம் மேடம் கூடத்துக்கு வந்துவிட்டார். வேலை என்று ஒன்றும் இல்லை. துடைத்த தராசையே திரும்பத் துடைத்தார். பத்து மணிக்கு மேல் உட்காரவே முடியவில்லை. குட்டிபோட்ட பூனை மாதிரி வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார். பேச்சுவார்த்தையில் அவன் தனியாக மாட்டிக்கொண்டு முழிப்பானோ, பேச வாய் வருமோ வராதோ, எல்லாம் என்னால்தானே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. துணைப் பரிசோதகர் கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

பதினொன்றரைக்குத் தம்பி வந்தான். டையைத் தளர்த்திவிட்டிருந்தான். துணைப் பரிசோதகர் நாசூக்காக வெளியே போனார்.

"என்னடா ஆச்சு?"

"கெடச்சிருச்சுக்கா. பத்து டீமுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. எழுத்துலயே குடுத்துட்டாங்க."

"நெஜமாவா?" கிராம் மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ராத்திரி முழுக்க நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. "நல்லா இருடா! நான் எங்க உன்னக் கெடுத்துட்டேனோன்னு கெடந்து தவிச்சேன். உக்காரு. ஏதாவது சாப்ட்டியா?"

அவன் உட்காரவில்லை.

"அதுல இன்னொரு விஷயமும் இருக்கு. தலைமைப் பரிசோதகர மாத்தணும்னு வந்துச்சு."

"யாரு சொன்னா? தலைவரா?"

"மொதல்ல அவருதான். அப்புறம் மஞ்சள் டீம். அப்புறம்..." அவன் தராசுப் பலகையைப் பார்த்தான். "ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லலக்கா. அந்த ஒன்னுல மட்டும்தான் பேச்சுவார்த்தையே நடக்கல."

கிராம் மேடம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ கையெழுத்துப் போட்டுட்டியா, இனிமேதான் போடப் போறியா?"

"போட்டுட்டேன்."

"ம்."

"தப்பு உன்னோடதுன்னு நீயே எழுதி ஒட்டிட்டியே. அத வச்சுக்கிட்டு நான் எப்படி உனக்காகப் பேசறது? பேசியிருந்தா ஓட்டும் போயிருக்கும். நீ பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் ஓடி வந்தேன். நீ கோவிச்சுக்கக் கூடாது."

கோவித்துக்கொள்ளக் கூடாதாம். கிராம் மேடத்துக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினார். கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். அதைக் கழற்றியதும் கழுத்து லேசாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"என் எடத்துக்கு யாரு வர்றா?"

"இன்னும் முடிவாகலக்கா. ரெண்டு பக்கத்துக்கும் ஒத்துவர்ற ஆளாப் பாத்துப் போடுவாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. முகம் கறுத்துவிட்டது. அக்கா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவன் நின்றுகொண்டிருந்தான்.

"சரி, கெளம்பு," என்றார் கிராம் மேடம். "அங்க உன்னத் தேடுவாங்க."